கட்டுத்தாரியில் கேட்ட கேள்வி

என் கணவர் தேடுபொறியை ‘அவுங்க’ என்றுதான் சொல்வார். “இரு அம்மிணி, அவுங்களைக் கேட்டுப் பாத்தறலாம்” என்பார். முதல் தடவை அப்படிச் சொன்னபோது கால்நடை டாக்டரையோ பஞ்சாயத்து மெம்பரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் போனைக் கையில் எடுத்து, மைக் படத்தை அழுத்தி, தொண்டையைச் செருமி, “ஏனுங்க, நல்லாருக்கீங்ளா?” என்று ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

அன்றைக்கு அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு சங்கதி. எங்கள் செவலைப் பசு தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்ன செய்யலாம்? இவ்வளவுதான். ஆனால் இவர் கேட்டது இப்படி:

“ஏனுங்க, நல்லாருக்கீங்ளா? மீனாட்சிபுரத்துல இருந்து பேசறனுங்க. போன வாரம் இங்க ஒரு மழை பேஞ்சுதுங்க. நல்ல மழைங்க...”

மழையோடு மைக் மூடிக்கொண்டது. அது எத்தனை நேரம்தான் காத்திருக்கும்? திரையில் மீனாட்சிபுரத்தின் வானிலை வந்தது. மேகமூட்டம் என்றிருந்தது. இவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “செரியாத்தான் சொல்றாங்க” என்றார். பசு கிடக்கட்டும், வந்தவரை லாபம் என்கிற முகம்.

“பசு தீனி தின்னலைன்னு ரெண்டு வார்த்தை சொன்னா ஆகாதா?” என்று கேட்டேன்.

“மொட்டையா அப்படிக் கேட்டா அவுங்க என்ன நெனைப்பாங்க?” என்றார்.

சிரிக்காமல் சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. இந்தக் கிழக்குப் பாலக்காட்டுச் சீமையில் ஒருவர் வீட்டுக்குப் போய் எடுத்த எடுப்பில் வந்த காரியத்தைச் சொல்வது மரியாதை இல்லை. முதலில் உட்கார வேண்டும். உங்கள் பக்கம் மழை எப்படி, தண்ணி எப்படி, சோளம் அறுத்தாயிற்றா, பேத்திக்குக் காய்ச்சல் என்று சொன்னார்களே தேவலையா, எல்லாம் விசாரித்து முடிக்க வேண்டும். மோர் வரும், குடிக்க வேண்டும். பிறகு எழுந்து, செருப்பையும் போட்டுக்கொண்டு, வாசல் கேட்டில் கையை வைத்து நின்று, “அப்பறம் ஒரு சமாச்சாரமுங்க...” என்று ஆரம்பிக்க வேண்டும். அந்தச் சமாச்சாரத்துக்காகத்தான் ஆள் அத்தனை தூரம் வந்ததே. அது வந்தவருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். கல்யாணச் சம்பந்தம், நிலத் தகராறு, மாப்பிள்ளை வீட்டுக் கோபம், எல்லாம் கேட்டில் வைத்துத்தான் பேசப்படும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், போகிறேன் என்று எழுந்தவர்களை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். என் மாமியார் வீட்டார் அதை இன்னும் மறக்கவில்லை.

எனக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்? நான் மலைக்காரி, ஏலப்பாறைக்காரி. அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தார். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வீட்டிலும் அதே தொண்டைதான். அம்மா கொழுந்து கிள்ளப் போவாள். இந்தச் சரிவில் நின்றுகொண்டு அந்தச் சரிவில் இருப்பவளிடம் ரசத்துக்குப் புளி இருக்கிறதா என்று கேட்பாள். பதிலும் வரும். மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்தில் வருகிற ஆள்கூடத் தெரியாது. ‘யாரது?’ என்று குரல் கொடுத்தால் ‘நான்தான்’ என்று பதில் வரும், அது போதும். குரலை வைத்துத்தான் எங்களுக்கு ஆள். சுற்றி வளைத்துப் பேச அங்கே நேரமும் இல்லை, மூச்சும் இல்லை. என்ன வேண்டும், இருக்கிறதா, இல்லையா. முடிந்தது.

பிறகு எனக்கு இங்கே தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூலில், ஆரம்பப் பள்ளியில், டீச்சர் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்த ஒரு டீச்சர், “எங்க சொந்தத்துல ஒரு பையன் இருக்கறானுங்க, தோட்டம் இருக்குது, மாடு இருக்குது, பேசத்தான் தெரியாது” என்று சொல்லி இவரைக் காட்டினார். அவருக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்வேன் என்று கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். அப்படியே ஆயிற்று. என் குரல் பள்ளிக்கூடத்தில் கிளம்பினால் பால் சொசைட்டி வரை கேட்கும் என்பார்கள். கோபம் வந்தால் இத்தனை வருடக் கொங்குத் தமிழும் உதிர்ந்து, ஏலப்பாறைத் தமிழ்தான் வரும். “என்னத்தப் பண்ணிக்கிட்டு இருக்கீக?” என்று நான் ஆரம்பித்தால் இவர் மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாடுகளிடம் போய்விடுவார்.

மாடு கட்டுகிற இடத்தை இங்கே கட்டுத்தாரி என்பார்கள். எங்கள் கட்டுத்தாரி சமையற்கட்டின் பின்வாசலை ஒட்டியே இருக்கிறது, நடுவில் ஒரு முருங்கை மரம்தான். அந்தக் கட்டுத்தாரியைப் பற்றி என் கணவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. வீட்டின் முன்பக்கம் நின்றால் போனுக்குக் கேரளத்து டவர் கிடைக்கிறது. கட்டுத்தாரிக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். ஆகையால் வாசலில் நின்று தேடுபொறியிடம் கேட்டால் அவர்களுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரிவதில்லை. கட்டுத்தாரியில் நின்று கேட்டால் நன்றாகப் புரிகிறது.

எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஞானம் இது. எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிற எங்கள் மகள்தான் அவர் போனைத் தமிழுக்கு மாற்றி, மைக்கை அழுத்தவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, டவருக்கு ஏதுப்பா பாஷை?” என்று எடுத்துச் சொன்னாள். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. சோதித்துப் பார் என்றார். சோதித்தோம். மெய்யாகவே கட்டுத்தாரியில் சொன்னது சரியாக எழுத்தில் வந்தது, வாசலில் சொன்னது கண்டபடி வந்தது. முன்னறையில் எந்நேரமும் டிவி ஓடுகிறது, கட்டுத்தாரியில் அந்தச் சத்தம் இல்லை, அவ்வளவுதான் காரணம். எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. ஜெயித்த மனுஷனின் முகம் பார்க்க நன்றாக இருந்தது.

தேடுபொறியிடம் மனிதர்களுக்கு என்னதான் வேண்டும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். தகவல் வேண்டும் என்பார்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வந்துவிட்டால் சாயங்காலம் எல்லார் கையிலும் ஒரே தேடல்தான்: ‘நாளைக்கு லீவா’. பிள்ளைகள் வீட்டிலும் அதே. கேட்கிறவர்களுக்கு மழை அளவோ அணையின் நீர்மட்டமோ தேவையில்லை. ‘லீவுதான், போய்ப் போர்த்திக்கொண்டு தூங்கு’ என்று யாராவது சொல்ல வேண்டும். ஒரு தடவை அப்படித்தான் வந்தது. நல்ல மழை. தமிழில் கேட்டிருக்கிறார்கள், அதுவும் விடுமுறை என்று சொல்லிவிட்டது. மறுநாள் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. விசாரித்தால், லீவு விட்டது கோயம்புத்தூர் கலெக்டர். எங்கள் கலெக்டர் பாலக்காட்டில் இருக்கிறார், அவர் விடவில்லை. தமிழில் கேட்டால் தமிழ்நாட்டுப் பதில் தருகிறது, பாவம். தமிழில் கேட்கிற கேரளத்துக்காரர்கள் இருப்போம் என்று அதற்கு யார் சொல்வது? அதற்கடுத்த நாள் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேட்டேன். “டீச்சர், போன்ல சொன்னாங்க டீச்சர்” என்றார்கள். எல்லாம் என் கணவரின் வம்சம்.

நான் அப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு மிஷின். ரெண்டு வார்த்தை தட்டுவேன், பதிலைப் பார்ப்பேன், மூடுவேன். எஸ்டேட் கணக்கு.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது.

தைராய்டு என்றார்கள். எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆண்டுப் பரீட்சை முடிந்து ஸ்கூல் அடைத்ததும் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்து, கெட்டது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் நல்லபடி முடிந்தது, ஒன்றைத் தவிர. கண் விழித்துத் தண்ணீர் கேட்டேன். வெறும் காற்றுதான் வந்தது.

குரல் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இப்போதும் பொறுமையாகச் சொன்னார். நரம்பு அறுபடவில்லை, அசந்து போயிருக்கிறது, பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், கொஞ்ச நாள் ஆகும், பயிற்சி செய்யுங்கள். நான் தலையாட்டினேன். ‘பெரும்பாலும்’ என்கிற சொல் மட்டும் மீன்முள் மாதிரி உள்ளே நின்றுவிட்டது.

ஜூனில் ஸ்கூல் திறக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குரல் வரவில்லை என்றால் எனக்கு வகுப்பு இல்லை. வகுப்பு போனால் போகட்டும், வேறு ஏதாவது வேலை தருவார்கள் என்று மகள் சொன்னாள். அவளுக்குப் புரியவில்லை. மூடுபனியில் யாராவது ‘யாரது?’ என்று கேட்டால் ‘நான்தான்’ என்று இனி என்னால் சொல்ல முடியுமா? அதுதான் என் பயம். பகல் முழுக்க அந்தப் பயத்தோடுதான் நடமாடினேன்.

வீடு அமைதியாகிவிட்டது. நான் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கூப்பிட வேண்டுமானால் தட்டுவேன். கோபம் வந்தால் பலமாகத் தட்டுவேன். ஆனால் டம்ளரில் எத்தனை தட்டினாலும் கோபத்தில் பாதிகூட வெளியே வராது என்று அப்போதுதான் தெரிந்தது. என் கணவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து ஓடி வருவார், முன்னைவிட வேகமாக வருவார். அது இன்னும் வதை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நழுவிப் போனால்தானே என் வீடு?

அந்த நாட்களில்தான் நானும் தேட ஆரம்பித்தேன். ‘தைராய்டு ஆபரேஷன் குரல்’ என்று தட்டினேன். தமிழில் கேட்டால் தேனும் இஞ்சியும் கலந்து குடிக்கச் சொன்னது. பாட்டுப் போட்டிக்கு இனிய குரல் பெறுவது எப்படி என்று ஒருவர் கைகளை ஆட்டிப் பேசினார். மலையாளத்தில் கேட்டேன், ஆங்கிலத்தில் கேட்டேன். ஒன்று வாரங்கள் என்றது, ஒன்று மாதங்கள் என்றது. மிகச் சிலருக்குத் திரும்பாமலே போகலாம் என்று ஒன்று சொன்னது. எல்லாம் நேர்மையான பதில்தான், ரெண்டு வார்த்தைக் கேள்விக்கு வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் எனக்குப் போதவில்லை. மறுபடி மறுபடி கேட்டேன். வார்த்தையை மாற்றி மாற்றிக் கேட்டேன். அது ‘பலருக்கு’ என்றது, ‘சிலருக்கு’ என்றது. எனக்கு வேண்டியிருந்தது ‘உனக்கு’. ‘ஏலப்பாறை ஃபாக்டரிக்காரர் மகளே, உனக்கு வரும்’ என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை எத்தனை பக்கம் புரட்டினாலும் காணோம். ‘நாளைக்கு லீவா’ என்று கேட்ட என் பிள்ளைகளுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஒரு கிறுக்குத்தனமும் செய்தேன். தினமும் காலையில் பால் காய வைத்துவிட்டு, சமையற்கட்டிலேயே நின்று என் போனில் மைக்கை அழுத்தி, ‘நாளைக்கு லீவா’ என்று சொல்வேன். என் மூச்சு அதன்மேல் பட்டிருக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கேட்கவில்லை, மீண்டும் முயலவும் என்று திரையில் எழுதும். பாலை இறக்கி வைப்பேன். அது என்றைக்கு என் வார்த்தையை எழுதுகிறதோ அன்றைக்கு எனக்குக் குரல் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். டாக்டரையும் நம்பாமல் மகளையும் நம்பாமல் ஒரு மைக்கை நம்பினேன்.

என் கணவர் என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அவ்வளவுதான் கேட்பார். எனக்கு அது கசந்தது. இத்தனை வருடம் வாழ்ந்த மனுஷனுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியவில்லையா என்று மனசுக்குள் வைதேன். மனசுக்குள் மட்டும்தானே முடியும்.

ஒரு நாள் காலை, கறந்த பாலை வாங்கி வர நான் பின்வாசலுக்குப் போனேன். கட்டுத்தாரியில் அவர் குரல் கேட்டது. என் காலடியும் சத்தமில்லாமல்தான் இருந்திருக்க வேண்டும், அவர் திரும்பவில்லை. செவலைக்கு எதிரே கல்லில் உட்கார்ந்து போனை வாயருகே பிடித்திருந்தார். நான் முருங்கை மரத்தடியில் நின்றேன்.

“ஏனுங்க, நல்லாருக்கீங்ளா? மீனாட்சிபுரத்துல இருந்துதானுங்க. மழை இன்னும் புடிக்கலீங்க. தென்னைக்குத் தண்ணி கட்டிட்டுத்தான் இருக்கறனுங்க. செவலை இப்பத் தேவலைங்க, தீனி எடுக்குது...”

மைக் எப்போதோ மூடியிருக்கும். வழக்கமாகச் செய்வதுபோல மறுபடி அழுத்தக்கூட இல்லை. பேசிக்கொண்டே இருந்தார். தோட்டம் முடிந்தது, கிணறு முடிந்தது, மகளின் வேலை முடிந்தது. பிறகு கேட்டில் கையை வைத்து நிற்கிற ஆளின் குரல் வந்தது.

“அப்பறம் ஒரு சமாச்சாரமுங்க... என்ற ஊட்டுல அம்மிணிக்குக் கழுத்துல ஆப்பரேசன் ஆச்சுங்க. நல்லாத்தானுங்க இருக்கறா. சோறு திங்கறா, நடக்கறா. பேச்சுத்தானுங்க வரலை. மலைக்காரிங்க அவ, அவளுக்குப் பேச்சில்லீன்னா எப்பிடிங்க? எனக்குப் பேசத் தெரியாதுங்க. எனக்கும் சேத்துத்தானுங்க அவ பேசுனா இத்தன வருசமா. இப்ப நான் தப்புப் பண்ணுனாக்கூட வையறதுக்கு ஒருத்தருமில்லீங்க. ஊடு ஊடாட்டவே இல்லீங்க. அவகிட்டக் கேட்டா அழுதுருவான்னு கேக்கறதில்லீங்க. வருங்களா அது? வந்துருமுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாப் போதுமுங்க.”

செவலை அசை போட்டுக்கொண்டு அவரையே பார்த்தது. வேறு பதில் எதுவும் வரவில்லை. அவர் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, “செரிங்க, போயிட்டு வாரனுங்க” என்று சொல்லிப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

நான் பாத்திரத்தோடு உள்ளே திரும்பி வந்துவிட்டேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகையிலும் சத்தம் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. நான் எத்தனையோ பக்கம் தேடிய ‘உனக்கு’ முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. என்ன, அதுவும் பதில் தெரியாமல் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து டம்ளரைத் தட்டினேன். ஓடி வந்தார். காப்பி கொடுத்தேன். நான் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. கேட்டில் நின்று பேசியதை உள்ளே இழுத்து வந்து பேசுவதும் இங்கே மரியாதை இல்லை.

அதற்குப் பிறகு பயிற்சியை ஒழுங்காகச் செய்தேன். ‘ஆ’ என்றும் ‘ஈ’ என்றும் வாயைத் திறந்து மூடினேன். ஓட்டை சைக்கிள் பம்ப் போல ஒரு சத்தம் வந்தது. மகள் போனில் கேட்டுவிட்டு ரொம்ப முன்னேற்றம் என்று பொய் சொன்னாள். மைக் பொய் சொல்லவில்லை. கேட்கவில்லை, மீண்டும் முயலவும். மே மாதம் தேய்ந்துகொண்டிருந்தது. கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் வந்து, லீவை நீட்டிக்கொள்ளலாமே என்று கேட்டில் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஸ்கூல் திறக்கச் சில நாட்கள்தான் இருந்தன. காலை நேரம். செவலையைக் கறக்கவில்லை, மடி நிறைந்து நின்றது. சொசைட்டிக்குப் பால் எடுத்துப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. பின்வாசலில் நின்று பார்த்தால் இவர் கறவைப் பாத்திரத்தைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டுத்தாரியின் ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனோடு நிற்கிறார். நிலக்கடலை போடுவதற்கு மழையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நலம் விசாரிப்பதற்குள் மைக் மூடும், அவர் மறுபடி அழுத்துவார், முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவருக்குப் பின்னால் கன்றுக்குட்டி கயிற்றை உருவிக்கொண்டு வந்து செவலையின் மடியில் முட்டி முட்டிக் குடிக்கிறது. வாயோரம் நுரை வழிகிறது. செவலை சொர்க்கத்தில் இருப்பதுபோல் கண்ணை மூடி நிற்கிறது.

டம்ளரைத் தட்டினேன். கேட்கவில்லை. கரண்டி உடைந்துவிடும்போல் தட்டினேன். அவர் போனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு மறுபடி மைக்கை அழுத்தினார். தொண்டையைச் செருமினார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்.

“ஏங்க! கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு மொத்தப் பாலையும் குடிக்குது! அங்கன நின்னு என்னத்தப் பேசிக்கிட்டு இருக்கீக?”

முருங்கை மரத்திலிருந்து காக்கை ஒன்று எழும்பிப் போனது. கரகரவென்று, நடுவில் ரெண்டு இடத்தில் உடைந்து, பழைய குரலும் இல்லை, நல்ல குரலும் இல்லை. ஆனால் அது குரல். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் திரும்பவில்லை. கன்றைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, சாணத்தை மிதித்து, முருங்கை மரத்தைச் சுற்றி, என்னிடம் ஓடி வந்தார்.

“பாரு அம்மிணி. எழுதிப்போட்டாங்க. நீ சொன்னதை அப்படியே எழுதிப்போட்டாங்க பாரு.”

பார்த்தேன். தேடல் பெட்டியில் என் வசவு முழுதாக இருந்தது, ஓரிரு வார்த்தை முன்னே பின்னே. கீழே, கன்று அளவுக்கு மீறிப் பால் குடித்தால் கழியும், என்ன செய்ய வேண்டும் என்று பதில் வந்திருந்தது. நான் அந்த எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண் மறைத்தது. அவர் துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பிறகு அதே துண்டை என்னிடம் நீட்டினார்.

“கன்னைப் புடிங்க மொதல்ல” என்றேன். பாதி காற்று, பாதி குரல்.

“புடிக்கறேன், புடிக்கறேன்” என்றார். ஆனால் நகரவில்லை. மைக்கை இன்னொரு தடவை அழுத்தி, போனை வாயருகே கொண்டுபோனார். எனக்கு முன்னாலேயே, என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நெம்ப சந்தோசமுங்க. அப்பறம்... வேற சமாச்சாரம் ஒண்ணுமில்லீங்க. போயிட்டு வாரனுங்க.”

அன்றைக்கு எங்கள் வீட்டிலிருந்து சொசைட்டிக்குப் பால் போகவில்லை.